மேலே என்ன, கீழே என்ன: விகிதமுறு சார்பைத் தொகையிட எந்த வழியை எப்போது எடுப்பது?

கயல் | மாலை 6:40

வணக்கம். விகிதமுறு சார்புகளை, அதாவது மேலேயும் கீழேயும் பல்லுறுப்புக் கோவை இருக்கும் பின்னங்களைத் தொகையிடுவதில் எனக்குப் பெரிய குழப்பம். முறைகள் தெரியாமல் இல்லை. பிரதியிடல் தெரியும், பகுதிப் பின்னங்கள் தெரியும், கீழே இருக்கும் இருபடியை முழு வர்க்கமாக்கவும் தெரியும். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிப் பயிற்சி இருந்தபோது எல்லாமே வந்தது. எந்த முறை என்று பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடும். இப்போது எல்லாவற்றையும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். எதை எடுப்பது என்று தெரியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மாட்டியவை மூன்று:

(அ) ∫ (2x + 3)/(x² + 3x + 2) dx
(ஆ) ∫ x²/(x² − 1) dx
(இ) ∫ 1/(x⁴ + 1) dx

(அ)-வைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்து அரைப் பக்கம் போட்டேன். லாக்|x + 1| + லாக்|x + 2| வந்தது. விடைப் பக்கத்தில் லாக்|x² + 3x + 2| என்று ஒரே வரியில் இருக்கிறது. (ஆ)-வில் கீழே (x − 1)(x + 1) என்று பிரித்து A, B கண்டுபிடித்தேன். விடை தவறு. எங்கே தவறினேன் என்று இரண்டு முறை சரிபார்த்தும் பிடிபடவில்லை. (இ)-யில் தொடங்கவே முடியவில்லை. x⁴ + 1-க்கு மெய் மூலமே கிடையாதே, அதை எப்படிக் காரணிப்படுத்துவது?

பழகியவர்கள் கணக்கைப் பார்த்த உடனே முடிவு செய்துவிடுகிறீர்கள். அந்த முதல் அரை நிமிடத்தில் உங்கள் கண் எங்கே போகிறது? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

(லாக் என்று நான் எழுதுவது இயல் மடக்கை. டேன்⁻¹ என்பது நேர்மாறு டேன்ஜென்ட்.)

---

தொடுகோடு | மாலை 7:05

கயல், இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. விகிதமுறு சார்பு என்றால் பகுதிப் பின்னம். அவ்வளவுதான். மேலே படி அதிகமாக இருந்தால் முதலில் வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே இருப்பதை நேரியல் காரணிகளாகவும், உடையாத இருபடிக் காரணிகளாகவும் பிரியுங்கள். மாறிலிகளைக் கண்டுபிடித்துத் துண்டு துண்டாகத் தொகையிடுங்கள். கலப்பெண் மூலங்கள் எப்போதும் இணை இணையாகத்தான் வரும் என்பதால், மெய்க்கெழுக்கள் உள்ள எந்தப் பல்லுறுப்புக் கோவையும் இந்த இரண்டு வகைக் காரணிகளாக உடைந்தே தீரும். ஆகவே இந்த முறை எந்தக் கணக்கிலும் கைவிடாது.

பார்த்த உடனே பிரதியிடல் தோன்றுவது அவரவர் அதிர்ஷ்டம். தேர்வறையில் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. (ஆ)-வில் நீங்கள் தவறியதும் வகுக்காமல் விட்டதால்தான்.

---

பழைய வாத்தியார் | இரவு 8:20

தொடுகோடு சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த முறை எப்போதும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் கயல் கேட்டது அந்த முதல் அரை நிமிடத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இது: முறையைத் தேடாதீர்கள், மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் என்ன உறவு என்று தேடுங்கள். உறவு தெரிந்துவிட்டால் முறை தானாக வரும். கீழே இருப்பதை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு "காரணிப்படுத்தலாமா" என்று யோசிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மேலே இருப்பது கணக்கில் பாதி.

முதலில் படியைப் பார்க்கிறேன். மேலே உள்ள படி கீழே உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் வகுத்தல். உங்கள் (ஆ)-வை எடுத்துக்கொள்ளம்மா. நீ செய்தது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். x − 1-ஐ விரலால் மூடி, மீதியில் x = 1 போட்டு A = 1/2 என்றாய். x + 1-ஐ மூடி x = −1 போட்டு B = −1/2 என்றாய். கணக்கீட்டில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இரண்டு முறை சரிபார்த்தும் பிடிபடவில்லை. இந்த இரண்டையும் திரும்பக் கூட்டிப் பார்: 1/(x² − 1) வரும், x²/(x² − 1) வராது. x = 0 போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். கொடுத்த சார்பு 0, நீ பிரித்தது −1. ஒரு முழு 1 காணாமல் போயிருக்கிறது. மூடிப் பார்க்கும் முறை இந்த இடத்தில் எந்த எச்சரிக்கையும் தராமல் அழகான இரண்டு எண்களைக் கொடுத்துவிடும். சரியான பிரிப்பு 1 + 1/(x² − 1). விடை x + ½ லாக்|(x − 1)/(x + 1)|.

இதனால் எனக்கு ஒரு பழக்கம். பின்னங்களாகப் பிரித்த உடனே, பயன்படுத்தாத ஏதாவது ஒரு எண்ணை x-க்குப் போட்டு இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பத்து வினாடி வேலை.

இரண்டாவது, கீழே இருப்பதை மனதுக்குள் வகையிடுகிறேன். x² + 3x + 2-இன் வகைக்கெழு 2x + 3. அதுவேதான் மேலே உட்கார்ந்திருக்கிறது! அப்படியானால் u = x² + 3x + 2, தொகை du/u, முடிந்தது. உன் விடையும் புத்தக விடையும் ஒன்றுதான். லாக் விதியால் இரண்டைக் கூட்டினால் பெருக்கலாகும். நீ அரைப் பக்கம் எழுதிச் சேர்ந்த இடத்துக்கு ஒரு வரியில் போயிருக்கலாம், அவ்வளவே.

வகைக்கெழு அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் மடங்காகவோ, அதில் ஒரு பங்கு ஒளிந்தோ இருக்கலாம். ∫ (x + 5)/(x² + 4x + 13) dx என்று வருகிறது என்று வை. தன்மைகாட்டி 16 − 52 = −36, குறை எண். எனவே கீழே உடையாது. வகைக்கெழு 2x + 4. மேலே இருக்கும் x + 5-ஐ அதைக் கொண்டே எழுது:

x + 5 = ½(2x + 4) + 3

முதல் பங்கு ½ லாக்(x² + 4x + 13). மீதி 3/(x² + 4x + 13). இங்கே முழு வர்க்கமாக்கினால் கீழே (x + 2)² + 9, ஆக டேன்⁻¹((x + 2)/3). இங்கே எந்த முறையையும் நான் "தேர்ந்தெடுக்கவில்லை". மேலே இருப்பதைக் கீழே இருப்பதன் மொழியில் எழுதினேன். லாக் தன் பங்கை எடுத்துக்கொண்டது, மிச்சம் டேன்⁻¹-க்குப் போயிற்று.

மூன்றாவது, வேறு ஏதாவது ஒன்றை u என்று வைத்தால் கணக்கு சுருங்குமா என்று பார்ப்பேன். இவை எதுவும் நடக்கவில்லை என்றால்தான் பகுதிப் பின்னம். (இ)-க்கு நாளை வருகிறேன், அதை அவசரமாகச் சொல்லக் கூடாது.

---

தொடுகோடு | இரவு 8:52

ஐயா, (அ) மாதிரிக் கணக்குகள் அதற்கென்றே செய்து வைத்தவை. மேலே 2x + 3-க்குப் பதில் 2x + 7 என்று மாற்றிவிட்டால் உங்கள் குறுக்கு வழி போய்விடும். என் வழியில் ஒன்றும் மாறாது. 5/(x + 1), −3/(x + 2) என்று இரண்டு எண் மட்டும் மாறும். கீழே நேரியல் காரணிகளாக உடையும்போது உறவு தேடுவதில் நேரம் வீண்.

---

பழைய வாத்தியார் | இரவு 9:01

அதை ஒப்புக்கொள்கிறேன். கீழே உள்ளது கண் முன்னால் வேறு வேறு நேரியல் காரணிகளாக உடைந்து கிடந்தால் பகுதிப் பின்னம்தான் விரைவு. இரண்டு மாறிலி, இரண்டு லாக். படி ஏறி, காரணிகளும் கடினமாகும்போதுதான் உறவு தேடுவது பலன் தரும்.

---

நடுநிசி வாசகர் | இரவு 11:48

படி ஏறுவதற்கு ஒரு எடுத்துக்காட்டு போடலாமா? என் மனதுக்கு மிகவும் பிடித்தது:

∫ dx / (x(x⁷ + 1))

தொடுகோடு வழியில் போனால் x⁷ + 1-ஐ x + 1 ஆகவும் மூன்று இருபடிகளாகவும் உடைக்க வேண்டும். அந்த இருபடிகளின் கெழுக்களில் π/7-இன் கோசைன்கள் வரும். எட்டு மாறிலிகள். யாரும் போட்டு முடிக்க மாட்டார்கள்.

மேலே இருக்கும் 1-ஐ (1 + x⁷) − x⁷ என்று எழுதிப் பாருங்கள். உடனே இரண்டாகப் பிரிந்துவிடும்:

1/x − x⁶/(x⁷ + 1)

விடை லாக்|x| − (1/7) லாக்|x⁷ + 1|. ஏழுக்குப் பதில் எழுபது இருந்தாலும் இதே இரண்டு வரி. "கீழே இருப்பதை மேலே கூட்டிக் கழி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதுவும் ஒரு பகுதிப் பின்னம்தான், ஆனால் கடைசி வரை உடைக்காமல் வேண்டிய அளவுக்கு மட்டும் உடைத்தது.

இதே மாதிரி இன்னொன்று: ∫ x³/(x − 1)⁵ dx. ஐந்து மாறிலிகளுக்குச் சமன்பாடு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். u = x − 1 என்று வைத்தால் மேலே (u + 1)³. விரித்து u⁵-ஆல் வகுத்தால் u⁻² + 3u⁻³ + 3u⁻⁴ + u⁻⁵. பகுதிப் பின்னங்கள் தாமாகவே கையில் வந்து விழுந்துவிட்டன.

---

கயல் | காலை 6:15

நன்றி, எல்லாருக்கும்! (ஆ)-வில் நான் செய்ததை ஐயா பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரியே சொல்லிவிட்டார், அச்சாக அதே இரண்டு எண்கள். x⁷ கணக்கை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், அவ்வளவு பிடித்துவிட்டது. (இ)-க்காகக் காத்திருக்கிறேன்.

---

பழைய வாத்தியார் | காலை 9:30

சரி, x⁴ + 1. கீழே இதையே வைத்துக்கொண்டு மேலே நான்கு வேறு ஆட்களை உட்கார வைக்கிறேன்.

x³/(x⁴ + 1): கீழே இருப்பதன் வகைக்கெழு 4x³. எனவே ¼ லாக்(x⁴ + 1).

x/(x⁴ + 1): வகைக்கெழு இல்லை. ஆனால் கீழே (x²)² + 1, மேலே x² என்பதன் வகைக்கெழுவில் பாதி. u = x². விடை ½ டேன்⁻¹(x²).

மேலே x³ இருந்தால் லாக், x இருந்தால் டேன்⁻¹. கீழே இருப்பது ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கீழே மட்டும் பார்த்து முறையை முடிவு செய்ய முடியாது என்று நேற்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது மீதி இரண்டு: x²/(x⁴ + 1), 1/(x⁴ + 1). தனித்தனியாக இவை இரண்டும் முரண்டு பிடிக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்தும் கழித்தும் பார்:

(x² + 1)/(x⁴ + 1), (x² − 1)/(x⁴ + 1)

மேலும் கீழும் x²-ஆல் வகு. முதலாவது (1 + 1/x²)/(x² + 1/x²) ஆகும். மேலே இருப்பது x − 1/x என்பதன் வகைக்கெழு. u = x − 1/x என்றால் u² = x² − 2 + 1/x², ஆகவே கீழே u² + 2. விடை (1/√2) டேன்⁻¹((x − 1/x)/√2).

இரண்டாவதில் மேலே 1 − 1/x², அது x + 1/x என்பதன் வகைக்கெழு. கீழே u² − 2. விடை (1/(2√2)) லாக்|(u − √2)/(u + √2)|, இதில் u = x + 1/x.

நமக்கு வேண்டிய 1 என்பது ½[(x² + 1) − (x² − 1)]. முதல் விடையில் பாதி, கழித்தல் இரண்டாவதில் பாதி. (இ) முடிந்தது, காரணிப்படுத்தவே இல்லை.

---

ஏடு | காலை 10:10

கயல், "x⁴ + 1-க்கு மூலமே இல்லையே, எப்படிக் காரணிப்படுத்துவது" என்று கேட்டீர்கள். இதே இடத்தில் லைப்னிட்ஸே நின்றிருக்கிறார். 1702-இல் அவரும் யோஹான் பெர்னூலியும் விகிதமுறு சார்புகளைப் பின்னங்களாக உடைத்துத் தொகையிடுவதைப் பற்றி எழுதினார்கள். x⁴ + a⁴-இன் நான்கு கலப்பெண் காரணிகளை எழுதிப் பார்த்த லைப்னிட்ஸ், அவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் மெய்யான இருபடி வராது என்று முடிவு கட்டினார். அதனால் 1/(x⁴ + a⁴)-இன் தொகை லாக்கிலும் டேன்⁻¹-இலும் அடங்காது என்று நினைத்தார்.

1719-இல் நிக்கோலஸ் பெர்னூலி அது தவறு என்று காட்டினார். வழி ஒரே வரிதான். 2x²-ஐக் கூட்டிக் கழிப்பது:

x⁴ + 1 = (x² + 1)² − (√2 x)² = (x² + √2 x + 1)(x² − √2 x + 1)

மூலம் இல்லை என்பதும் காரணி இல்லை என்பதும் வேறு வேறு. மெய் மூலம் இல்லாவிட்டால் நேரியல் காரணி கிடையாது, அவ்வளவுதான். நாற்படி என்றால் மெய்க்கெழு இருபடிகளாக உடைந்தே ஆக வேண்டும். எந்தப் படிக்கும் நேரியல், இருபடிக் காரணிகளாக உடையும் என்று பொதுவாக நிறுவுவதுதான் கடினமான வேலை. காஸ் தன் ஆய்வேட்டில் அதை எடுத்துக்கொண்டது 1799-இல்.

---

தொடுகோடு | காலை 10:35

ஏடு, நன்றி. இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் காரணிகளை வைத்தால் என் வழியிலும் (இ) முடிகிறது:

(1/(4√2)) லாக்((x² + √2 x + 1)/(x² − √2 x + 1)) + (1/(2√2)) [டேன்⁻¹(√2 x + 1) + டேன்⁻¹(√2 x − 1)]

நீளம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எதையும் ஊகிக்கவில்லை.

---

வரைபடம் | மதியம் 1:20

இந்த இரண்டு விடைகளும் ஒன்றா என்று வரைந்து பார்த்தேன். முக்கியமான ஒன்று தென்பட்டது, எல்லாரும் பாருங்கள்.

வாத்தியார் ஐயாவின் (x² + 1)/(x⁴ + 1)-ஐ −1 முதல் 1 வரை தொகையிடுங்கள். அவருடைய விடையில் x = 1 போட்டால் x − 1/x = 0, டேன்⁻¹ 0 = 0. x = −1 போட்டாலும் 0. ஆக தொகை 0 என்று வருகிறது. ஆனால் அந்தச் சார்பு எங்கேயும் 0-வைத் தொடுவதே இல்லை! x = 0-இல் 1, x = ±1-இலும் 1, நடுவில் ஏறத்தாழ 1.2 வரை ஏறுகிறது. இரண்டு அலகு நீளத்துக்கு எப்போதும் 1-க்குக் குறையாமல் இருக்கும் சார்பின் பரப்பு எப்படி 0 ஆகும்?

காரணம் 1/x. x²-ஆல் மேலும் கீழும் வகுத்தபோதே x = 0-ஐ வெளியே தள்ளிவிட்டோம். அந்த டேன்⁻¹ வளைவரை 0-வுக்கு இடப்புறம் +π/2 வரை ஏறி, வலப்புறம் −π/2-இலிருந்து மறுபடி தொடங்குகிறது. திரையில் அந்த வெட்டு கத்தியால் அறுத்த மாதிரி தெரிகிறது. 0-வில் இரண்டாகப் பிரித்துத் தொகையிட்டால் ஒவ்வொரு பக்கமும் π/(2√2), மொத்தம் π/√2, கிட்டத்தட்ட 2.22.

தொடுகோட்டின் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. (1/√2)[டேன்⁻¹(√2 x + 1) + டேன்⁻¹(√2 x − 1)]-இல் x = 1 போட்டால் அடைப்புக்குள் 3π/8 + π/8 = π/2. x = −1-இல் −π/2. கழித்தால் நேரே π/√2.

---

பழைய வாத்தியார் | மதியம் 2:05

மிக நல்ல கவனிப்பு. நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. x²-ஆல் வகுக்கும் வழியை யார் எடுத்தாலும், எல்லைகள் 0-வின் இரண்டு பக்கமும் இருந்தால் அங்கே நின்றுவிட வேண்டும். இந்த விஷயத்தில் தொடுகோட்டின் வழியே பாதுகாப்பானது, மனதாரச் சொல்கிறேன்.

---

நிரலாளி | மாலை 4:40

குறியீட்டுக் கணிதம் செய்யும் மென்பொருள்கள் எந்தப் பக்கம் என்று சொல்லட்டுமா? அவை முடிந்தவரை காரணிப்படுத்துவதைத் தவிர்க்கின்றன.

"காரணிப்படுத்து" என்று சொல்வது எளிது. படி 5-ஐத் தொட்டால் மூலங்களை வேர்க்குறிகளால் எழுத முடியும் என்ற உறுதி இல்லை. ஆபெல் 1824-இலேயே அதை நிறுவிவிட்டார். x⁵ − x − 1 அப்படிப்பட்ட ஒன்று. இப்போது இதைப் பாருங்கள்:

∫ (5x⁴ − 1)/(x⁵ − x − 1)² dx

பகுதிப் பின்னம் என்று போனால் முதல் அடியிலேயே நின்றுவிடும், காரணிகளை எழுதவே வழி இல்லை. ஆனால் மேலே இருப்பது உள்ளே இருப்பதன் வகைக்கெழு. விடை −1/(x⁵ − x − 1).

இது கண்ணுக்குத் தெரிந்த உறவு. தெரியாத உறவையும் கண்டுபிடிக்க வழி உண்டு. 1845-இல் ஒஸ்ட்ரோகிராட்ஸ்கியும் 1872-இல் எர்மீட்டும் காட்டியது இது: தொகையில் வெறும் பின்னமாக வரும் பங்கு முழுவதையும், ஒரு மூலம்கூடக் கண்டுபிடிக்காமல் பிரித்தெடுத்துவிடலாம். வேண்டியது வகையிடலும், பல்லுறுப்புக் கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தியும், நேரியல் சமன்பாடுகளும்தான். மிஞ்சும் லாக் பங்குக்கும் தேவையில்லாத மூலங்களைத் தொடாமல் போகும் வழியை 1976-இல் ரோத்ஸ்டீனும் டிரேகரும் தனித்தனியாகக் கொடுத்தார்கள்.

கையால் போடும்போதும் எர்மீட் வழியின் சிறு வடிவம் உதவும். ∫ dx/(x² + 1)² எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் x = டேன் θ என்று போவார்கள், அதுவும் சரி. நான் மேலே இருக்கும் 1-ஐ (x² + 1) − x² என்று எழுதுவேன். முதல் துண்டு டேன்⁻¹ x. இரண்டாவதை x · x/(x² + 1)² என்று பார்த்துப் பகுதித் தொகையிடல் செய்தால் −x/(2(x² + 1)) + ½ டேன்⁻¹ x. கழித்தால் விடை ½ டேன்⁻¹ x + x/(2(x² + 1)). கோணத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

---

நடுநிசி வாசகர் | இரவு 12:10

வகுத்தலை எல்லாரும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. வெறும் வகுத்தலால் வரும் அழகு ஒன்று:

0 முதல் 1 வரை ∫ x⁴(1 − x)⁴/(1 + x²) dx

மேலே படி 8, கீழே 2. வகுத்தால் ஈவு x⁶ − 4x⁵ + 5x⁴ − 4x² + 4, மீதி −4. தொகையிட்டு 1 போடுங்கள்: 1/7 − 2/3 + 1 − 4/3 + 4, கழித்தல் 4 டேன்⁻¹ 1. அதாவது 22/7 − π.

தொகையிடப்படும் சார்பு 0-வுக்கும் 1-க்கும் நடுவே எப்போதும் மிகை. ஆகவே 22/7 > π. நாம் சிறு வயதிலிருந்து π-க்குப் போட்டுவந்த எண் π-ஐவிடக் கொஞ்சம் பெரியது என்பதற்கு இதுவே முழு நிரூபணம். டால்செல் என்பவர் 1944-இல் இதை அச்சில் கொடுத்திருக்கிறார். கயல், இதைக் கையால் ஒரு முறை வகுத்துப் பாருங்கள். அந்த −4 மீதியாக வந்து நிற்கும் இடத்தில் உங்களுக்கே சிலிர்க்கும்.

---

கயல் | மாலை 5:50

வகுத்துப் பார்த்தேன். ஈவில் x⁴-க்கு அப்புறம் x³ உறுப்பே இல்லாமல் போவதை நம்பாமல் மறுபடி வகுத்தேன். கடைசியில் −4 வந்தது. நிஜமாகவே சிலிர்த்தது.

இன்று கலவைப் பயிற்சியில் இது வந்தது:

∫ (x² − 1)/(x⁴ + 3x² + 1) dx

படி சரி, வகுக்க வேண்டாம். கீழே வகையிட்டால் 4x³ + 6x, மேலே இருப்பதோடு ஒட்டவில்லை. x² = u வைக்கலாம் என்றால் மேலே தனி x இல்லை. கீழே கெழுக்கள் 1, 3, 1 என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. x²-ஆல் வகுத்தேன். மேலே 1 − 1/x², எனவே u = x + 1/x. கீழே x² + 1/x² + 3 = u² + 1. விடை டேன்⁻¹(x + 1/x). புத்தகத்திலும் அதுதான்!

அப்புறம் வரைபடம் சொன்னது ஞாபகம் வந்து, −1 முதல் 1 வரை போட்டுப் பார்த்தேன். நேரே போட்டால் டேன்⁻¹ 2 − டேன்⁻¹(−2), ஏறத்தாழ 2.21. ஆனால் அந்த இடைவெளிக்குள் x² − 1 குறை எண், கீழே மிகை எண். தொகை மிகையாக வரவே முடியாது. 0-வில் உடைத்து இரண்டு பாதியாகப் போட்டேன்: 2 டேன்⁻¹ 2 − π, ஏறத்தாழ −0.927. இது சரிதானே ஐயா?

---

பழைய வாத்தியார் | மாலை 6:30

சரி. குறியைப் பார்த்துப் பிடித்தாயே, அது ரொம்ப நல்ல வேலை. இன்னொரு வடிவமும் குறித்து வைத்துக்கொள். x மிகையாக இருக்கும்போது டேன்⁻¹(x + 1/x) என்பது π/2 − டேன்⁻¹(x/(x² + 1)). அந்த π/2 மாறிலியோடு போய்விடும். எனவே −டேன்⁻¹(x/(x² + 1)) என்பதையும் விடையாக எழுதலாம். இதில் 1/x கிடையாது, 0-வில் வெட்டும் கிடையாது. வகையிட்டுச் சரிபார்த்துக்கொள். −1 முதல் 1 வரை நேரே போட்டால் −2 டேன்⁻¹(1/2).

---

கயல் | மாலை 6:52

வகையிட்டுப் பார்த்தேன் ஐயா. கீழே (x² + 1)² + x², விரித்தால் x⁴ + 3x² + 1. மேலே x² − 1. −2 டேன்⁻¹(1/2)-ஐயும் கணக்கிட்டேன், அதே −0.927.